செனட்டர் பேட்டி மரே எங்கள் மாநிலத்துக்கு என்ன செய்தார்? ஒரு வாசகியின் கேள்வியும் பதிலும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் பாத்தல் நகரில் வசிக்கிறோம். இருவரும் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறோம். அண்மையில்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. எங்கள் செனட்டர் பேட்டி மரேயின் அலுவலகத்திலிருந்து வரும் மின்மடல்களில் அணைக்கு இவ்வளவு, பாலத்துக்கு இவ்வளவு, குழந்தைக் காப்பகங்களுக்கு இவ்வளவு பெற்றுத் தந்ததாக எழுதுகிறார்கள். என் கணவரோ, நாடாளுமன்ற இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டு, அவர் கொண்டுவந்த மசோதாக்களில் மிகச் சிலவே சட்டமாகியிருக்கின்றன, இப்போது எதிர்க்கட்சி வேறு, இதெல்லாம் வெறும் விளம்பரம் என்கிறார். யார் சொல்வது சரி? எங்கள் மகளின் காப்பகக் கட்டணம் பற்றியும், டெக்ஸாஸில் எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பியின் கிரீன் கார்டு பற்றியும் அவருக்கு எழுதினால் பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

அரசின் வரவு செலவுத் திட்டங்களைப் பகுத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கணவரின் கணக்கு சரியானது, ஆனால் அவர் எண்ணிய பொருள் தவறானது. மின்மடலில் இருப்பது பொய்யில்லை. ஆயினும், வெவ்வேறு வழிகளில் வரும் பணங்களை ஒரே குரலில் “பெற்றுத் தந்தேன்” என்று சொல்லும்போது, செனட்டரின் கை உண்மையில் எங்கே இருந்தது என்பது மறைந்துபோகிறது. அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் உங்கள் வீட்டு விவாதம் தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் மசோதாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பேட்டி மரே 1993 ஜனவரியிலிருந்து செனட்டில் இருக்கிறார் (உங்கள் பாத்தலிலேயே பிறந்தவர் என்பது கூடுதல் தகவல்). இவ்வளவு நீண்ட காலத்தில் அவர் பெயரிலேயே தனியாக நிறைவேறிய சட்டங்கள் குறைவுதான், ஆனால் இது மூத்த செனட்டர்கள் பெரும்பாலோருக்கும் பொருந்தும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் தனி மசோதா தனியாகவே கரையேறுவது அரிது. பெரிய சட்டம் ஒன்று நகரும்போது அதற்குள் ஏற்றி அனுப்பப்படுவதுதான் வழக்கம். உங்கள் வீட்டிலிருந்து இரண்டாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் இண்டெக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகே வைல்ட் ஸ்கை என்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி தொடங்குகிறது. ஏறத்தாழ 1,06,000 ஏக்கர் பரப்புள்ள அந்தக் காட்டைக் காக்கும் மசோதாவை மரே 2002 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினார். செனட் அதை மீண்டும் மீண்டும் நிறைவேற்றியும் பிரதிநிதிகள் சபையில் அது தேங்கி நின்றது. கடைசியில் 2008 மே மாதம், பல மாநிலங்களின் நிலம் தொடர்பான விவகாரங்களை ஒன்றாகக் கட்டிய பெரிய சட்டம் ஒன்றின் பகுதியாக அது கையெழுத்தானது. அந்தப் பெரிய சட்டம் நியூ மெக்சிகோவின் ஜெஃப் பிங்கமன் பெயரில் பதிவாகியிருக்கிறது. உங்கள் கணவர் பார்த்த பட்டியலில் மரேயின் வைல்ட் ஸ்கை மசோதா நிறைவேறாதவற்றின் கூட்டத்தில்தான் கிடக்கும், ஆனால் காடு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ஒலிம்பிக் தீபகற்பத்தின் காடுகளுக்கும் ஆறுகளுக்கும் இதே போன்ற பாதுகாப்புக் கோரும் மசோதாவை அவர் 2012 முதல் தொடர்ந்து கொண்டுவருகிறார், அது இன்னும் சட்டமாகவில்லை. செயற்கைக் கருத்தரிப்பு உரிமையைச் சட்டமாக்க அவரும் சக செனட்டர்களும் 2024 இல் கொண்டுவந்த மசோதா ஜூன், செப்டம்பர் என இரு முறை வாக்குக்கு வந்தும், மேலே நகரத் தேவையான 60 வாக்குகளை எட்டாமல் நின்றுவிட்டது. இவற்றை மின்மடலில் “போராடுகிறேன்” என்று எழுதுவார்கள். அந்தச் சொல் வரும் இடங்களில், இன்னும் கைக்கு எதுவும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மரேயின் உண்மையான பலம் மசோதாவில் இல்லை, நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் இருக்கிறது. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முன் பன்னிரண்டு ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அவை கால தாமதமாகவே, பெரும்பாலும் மூட்டையாகக் கட்டப்பட்டே நிறைவேறுகின்றன. செனட்டில் இந்த மசோதாக்களை எழுதும் குழுவுக்கு 2023 முதல் 2025 தொடக்கம் வரை மரே தலைவராக இருந்தார். குடியரசுக் கட்சி செனட்டில் பெரும்பான்மை பெற்றபின், மெய்ன் மாநிலத்தின் சூசன் காலின்ஸ் தலைவராகவும் மரே துணைத் தலைவராகவும் இருக்கிறார்கள். இந்தக் குழுவில் எழுதப்படும் ஒரு வரி, மசோதா ஒன்று பத்தாண்டு போராடிப் பெறுவதைவிட அதிகம் பெற்றுத்தர முடியும்.

இப்போது அந்தப் பண வகைகளுக்கு வருகிறேன். ஒரு பகுதி, சூத்திரப்படி எல்லா மாநிலங்களுக்கும் பிரிந்து செல்லும் பணம். குழந்தைகளின் எண்ணிக்கை, தலா வருமானம் போன்றவற்றைக் கொண்டு காப்பக மானிய நிதி பகிரப்படுவது இதற்கு நல்ல உதாரணம். வாஷிங்டனின் பங்கு எவ்வளவு என்பதைச் சூத்திரம் தீர்மானிக்கிறது. செனட்டர் செய்யக்கூடியது மொத்தத் தொகையைக் கூட்டுவது மட்டுமே. இன்னொரு பகுதி போட்டி மானியம். வாஷிங்டனையும் ஓரிகனையும் இணைக்கும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பாதி 1917 ஐயும் மறு பாதி 1958 ஐயும் சேர்ந்தவை. அதை மாற்றிக் கட்ட 2023 டிசம்பரில் 60 கோடி டாலரும், 2024 ஜூலையில் ஏறத்தாழ 150 கோடி டாலரும் கிடைத்தன. விண்ணப்பித்தவை இரு மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகள், தேர்ந்தெடுத்தது மத்தியப் போக்குவரத்துத் துறை, பணம் 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் நிதியிலிருந்து வந்தது. இரு மாநிலங்களின் செனட்டர்களும் இதற்கு உரிமை கொண்டாடுகிறார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனென்றால் அந்த நிதியை உருவாக்கிய சட்டத்துக்கு அவர்கள் வாக்களித்தார்கள், விண்ணப்பத்துக்காக அமைச்சரிடம் பேசினார்கள். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள் அல்லர்.

மூன்றாவதுதான் செனட்டர் பெயர் குறித்துக் கேட்டு, இந்த ஊருக்கு, இந்த வேலைக்கு என்று ஒதுக்கீட்டுச் சட்டத்தின் இணைப்பில் எழுதிவைக்கும் பணம். 2011 முதல் பத்தாண்டுக் காலம் இது தடைசெய்யப்பட்டிருந்தது, 2021 இல் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் பேருந்து நிழற்குடையின் நெற்றியில் “நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து” என்று எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதுவும் அப்படித்தான் என்று தோன்றும். அங்கே உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று ஓர் அளவு நிர்ணயமாகியிருக்கிறது. இங்கே எந்தச் செனட்டருக்கும் அப்படித் தனிக் கணக்கு கிடையாது. நகராட்சியோ பழங்குடி அரசோ லாப நோக்கற்ற அமைப்போ விண்ணப்பிக்க வேண்டும், செனட்டர் அதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும், தனக்கோ குடும்பத்துக்கோ அதில் பண நலன் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் பிறகும் குழு ஏற்றால்தான் உண்டு. மின்மடலில் “பெற்றுத் தந்தேன்” என்ற சொல் தன் முழுப் பொருளில் பொருந்துவது இந்த வகைக்குத்தான்.

உங்கள் கடிதத்தில் அணை என்று குறிப்பிட்டிருப்பது ஹோவர்ட் ஹான்சன் அணையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் ஒரு செனட்டரின் வலிமையும் எல்லையும் அங்கே ஒன்றாகத் தெரிகின்றன. கிரீன் ஆற்றின் குறுக்கே 1960-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணை, ஆபர்ன், கென்ட் முதலிய ஊர்கள் இருக்கும் பள்ளத்தாக்கை வெள்ளத்திலிருந்து காக்கிறது, டகோமாவுக்குக் குடிநீர் கிடைக்க உதவுகிறது. ஆனால் அணைக்கு மேலே பிறக்கும் சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்குவதற்கு முறையான வழி அதில் இல்லை. சின்னுக் வகைச் சால்மனை நம்பி வாழும் ஓர்க்கா திமிங்கிலங்கள் அருகி வரும் நிலையில், அந்த மீன்வழியைக் கட்டுவது மாநிலத்தின் நெடுநாள் கோரிக்கை. 2022 ஜனவரியில் உள்கட்டமைப்புச் சட்டத்தின் பணத்திலிருந்து இதற்கு 22 கோடி டாலர் வந்தது. 2025 நிதியாண்டுக்கு மேலும் 50 கோடி டாலர் தருவதாகத் திட்டம் இருந்தது. ஆனால் 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் வழக்கமான ஒதுக்கீட்டு மசோதாக்களைக் கைவிட்டு, முந்தைய ஆண்டின் அளவுகளை ஏறக்குறைய அப்படியே நீட்டிக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எந்த வேலைக்கு எவ்வளவு என்று வரி வரியாகச் சொல்லும் அறிவுறுத்தல்கள் அந்தச் சட்டத்தில் இல்லை. மரே அதை எதிர்த்து வாக்களித்தார், 54-க்கு 46 என்ற கணக்கில் அது செனட்டில் நிறைவேறியது. இரண்டு மாதம் கழித்து, அணையை நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் பிரிவு தன் வேலைத் திட்டத்தை வெளியிட்டபோது, இந்த மீன்வழிக்கான கட்டுமானப் பணம் பூஜ்யமாக இருந்தது. குழுவின் துணைத் தலைவரே கேட்ட திட்டம் அது. சட்டத்தில் அப்படி ஒரு வரி எழுதப்படாத ஆண்டில் எந்தப் பதவியும் பணத்தைப் பிடித்து வைக்க உதவாது என்பதை நான் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்த்ததில்லை.

மாநிலத்தின் கிழக்கே ஹான்ஃபர்டில் கதை வேறு மாதிரி. நாகசாகியில் வீசப்பட்ட குண்டின் புளுட்டோனியம் தயாரான இடம் அது. கொலம்பியா ஆற்றுக்கு அருகே 177 நிலத்தடித் தொட்டிகளில் ஏறத்தாழ 5.6 கோடி காலன் கதிரியக்கக் கழிவு தேங்கிக் கிடக்கிறது. துப்புரவுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் ஆகிறது. அதிபர் டிரம்பின் முதல் ஆட்சிக் காலத்தில் வெள்ளை மாளிகையின் வரைவுகள் இந்தத் தொகையைக் குறைக்கச் சொன்னபோதெல்லாம், நாடாளுமன்றம் அதை மீட்டு எழுதியது. அந்த மீட்பில் மரேயின் பங்கு பெரிது. 2002 இல் கட்டத் தொடங்கிய ஆலையில் கழிவைக் கண்ணாடியாக உறைய வைக்கும் வேலை 2025 அக்டோபரில்தான் ஆரம்பமானது. இதற்காக மரே பெயரில் தனிச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அந்த ஒரு வரி ஆண்டுதோறும் அழியாமல் இருந்தாலே போதும்.

பணம் பெற்றுத் தருவதைப் போலவே, பணத்தை நிறுத்திவைப்பதும் ஒதுக்கீட்டுக் குழுவின் வேலை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை தன் புதிய மின்னணுப் பதிவேட்டை முதன்முதலில் 2020 அக்டோபரில் ஸ்போகேன் மருத்துவமனையில் இயக்கியது. மருத்துவர் எழுதிய சோதனைகளும் சிறப்பு மருத்துவருக்கான பரிந்துரைகளும் உரிய இடத்துக்குப் போய்ச் சேராமல், யாரும் பார்க்காத வரிசை ஒன்றில் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தன. அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, இதனால் 149 நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகப் பதிவு செய்தது. மரே படைவீரர் நலக் குழுவிலும் நீண்டகால உறுப்பினர். விசாரணைக் கூட்டங்களில் அமைச்சரைத் துருவிக் கேட்டதோடு, திட்டப் பணத்தின் ஒரு பகுதியை நிபந்தனைகள் நிறைவேறும் வரை விடுவிக்கக்கூடாது என்று ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதவும் ஒதுக்கீட்டுக் குழுவின் வழியாக முடிந்தது. 2023 ஏப்ரலில் மற்ற ஊர்களுக்கு விரிவாக்குவது நிறுத்தப்பட்டது. இத்தகைய வேலை எந்த மசோதாப் பட்டியலிலும் ஏறாது, மின்மடலில்கூட ஒரு மூலையில்தான் வரும். அவருடைய அண்மைக்காலப் பணிகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

எதிர்க்கட்சியாக இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்பது உங்கள் கணவரின் அடுத்த கேள்வி. ஒதுக்கீட்டு மசோதாக்கள் செனட்டில் இறுதி வாக்கெடுப்பை எட்டவே 60 வாக்குகள் தேவைப்படுவதால் இரு கட்சிகளும் சேர்ந்தே எழுத வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 31 அன்று, மருத்துவ ஆராய்ச்சி, கல்வி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றுக்கான மசோதா காலின்ஸ், மரே இருவரின் உடன்பாட்டோடு குழுவில் 26-க்கு 3 என்று நிறைவேறியது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகங்களின் நிதியை ஏறத்தாழ 40 சதவீதம் வெட்டச் சொன்ன அதிபரின் கோரிக்கையை அந்தக் குழு ஏற்கவில்லை. சியாட்டலின் பல்கலைக்கழகமும் புற்றுநோய் ஆய்வு மையங்களும் அந்தப் பணத்தை நம்பியிருப்பதால், மரேக்கு அது சொந்த மாநிலத்தின் தேவையும்கூட. அதே ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தில் 900 கோடி டாலரைத் திரும்பப் பெறும் சட்டம் அறுபது வாக்கு தேவைப்படாத தனி வழியில் 51-க்கு 48 என நிறைவேறியது, பொது ஒலிபரப்பு நிலையங்களுக்கான 110 கோடி டாலர் அதில் போயிற்று. ஆக, எழுதும் மேசையில் அவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. எழுதியதை நிர்வாகம் செலவழிக்கச் செய்யும் பலம் குறைந்திருக்கிறது. இனி மின்மடலில் ஒதுக்கீடு என்ற செய்தியைப் படித்தால், அந்தப் பணம் விடுவிக்கப்பட்டதா என்று சில மாதம் கழித்துத் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மகளின் காப்பகம். பெரும்பாலான குடும்பங்களின் காப்பகச் செலவு வருமானத்தில் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லும் மசோதாவை மரே 2017 முதல் ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் கொண்டுவருகிறார், அது நிறைவேறியதில்லை. ஆனால் அவர் தலைவராக இருந்தபோது எழுதப்பட்ட 2024 ஒதுக்கீட்டுச் சட்டத்தில், காப்பக மானியத்துக்கும், ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் என்ற முன்பள்ளித் திட்டத்துக்கும் சேர்த்து 100 கோடி டாலர் கூடியது. அந்த உயர்வு குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குப் போகிறது. இருவரும் மென்பொருள் துறையில் இருக்கும் உங்களுக்கு அது எட்டுவது அரிது. உங்கள் வீட்டுக்கு நேரடியாகப் படக்கூடிய மாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது: காப்பகச் செலவுக்காகச் சம்பளத்தில் வரியில்லாமல் ஒதுக்கிவைக்கும் தொகையின் ஆண்டு வரம்பு 5,000 டாலரிலிருந்து 2026 முதல் 7,500 டாலராக உயர்ந்தது. அது 2025 ஜூலையின் பெரிய வரிச் சட்டத்தில் உள்ளது, அந்தச் சட்டத்தை மரே எதிர்த்து வாக்களித்தார். வேறு பல காரணங்களுக்காக அவர் எதிர்த்தது எனக்கு நியாயமாகவே படுகிறது. இருந்தாலும் இந்த முரண் உங்கள் கணவருக்குப் பிடிக்கும் என்பதால் சொல்லிவிட்டேன். உங்கள் நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் இந்த வரம்பை ஏற்றிருக்கிறார்களா என்று கேளுங்கள், ஏனெனில் ஏற்பது நிறுவனத்தின் விருப்பம்.

அவருக்கு எழுதினால் பயன் உண்டு, எழுதும் விதத்தைப் பொறுத்து. ஒரு கடிதத்தில் ஒரே பொருளை வையுங்கள். உங்கள் அஞ்சல் எண்ணைக் குறிப்பிடுங்கள், அது இல்லாவிட்டால் வெளிமாநிலத்தவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். என்ன செய்யவேண்டும் என்பதை மசோதா அல்லது ஒதுக்கீட்டின் பெயரோடு கேளுங்கள். மாதக் கட்டணம் எவ்வளவு, இடத்துக்கு எத்தனை மாதம் காத்திருந்தீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். அலுவலகத்தில் அதைப் படிப்பவர் பெரும்பாலும் இளம் உதவியாளர், அவருக்குத் தேவைப்படுவது மேலே எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு திடமான விவரம். உங்கள் காப்பகம் லாப நோக்கற்ற அமைப்பாக இருந்து கட்டடத்தை விரிவாக்க விரும்பினால், நான் மேலே சொன்ன பெயர் குறித்த ஒதுக்கீட்டுக்கு அவர்களே விண்ணப்பிக்கலாம், வழக்கமாக ஆண்டின் முதல் சில மாதங்களில் அழைப்பு வெளியாகும்.

தம்பியின் விஷயத்தில் நீங்கள் தவறான கதவைத் தட்டப் போகிறீர்கள். ஆண்டுக்கு 1,40,000 வேலைவாய்ப்புக் கிரீன் கார்டுகள், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற 1990 ஆம் ஆண்டின் சட்டமே இந்தியர்களின் நீண்ட வரிசைக்குக் காரணம். அந்த உச்சவரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 2019 ஜூலையில் 365-க்கு 65 என நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் தன் வடிவத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இரண்டு வடிவங்களையும் இணைப்பதற்குள் அந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிந்து, இரண்டும் காலாவதியாயின. குடிவரவு மசோதாக்கள் நீதித்துறைக் குழுவின் வழியே போகின்றன, மரே அதில் இல்லை. உங்கள் தம்பியின் செனட்டர்களான ஜான் கார்னினும் டெட் குரூஸும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். எனவே அவர் டெக்ஸாஸிலிருந்தே எழுதட்டும். வாக்குரிமை இல்லாவிட்டாலும், அந்த மாநிலத்தில் வசிப்பவர் என்பதால் அவர்களின் உள்ளூர் அலுவலகங்களில் உதவி கேட்கலாம். விண்ணப்பம் வழக்கமான காலத்தைத் தாண்டித் தேங்கியிருந்தால், அவர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவத்தை வைத்துக்கொண்டு குடிவரவுத் துறையிடம் விசாரிப்பார்கள். வரிசையில் முன்னே தள்ளிவிட யாராலும் முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அப்படிச் செய்து தருவதாகச் சொல்லும் முகவர்களை அவர் நம்ப வேண்டாம்.

மரேயின் இப்போதைய பதவிக்காலம் 2029 ஜனவரி வரை இருக்கிறது, அவருடைய இடத்துக்கான தேர்தல் 2028 நவம்பரில்தான். அதற்கு முன்பே உங்கள் வாக்கு தேவைப்படும் இடம் மாநிலத் தலைநகரான ஒலிம்பியா. காப்பகங்களுக்கான உரிம விதிகள், மானியத்தின் வருமான வரம்பு, ஊழியர் பயிற்சி ஆகியவற்றில் பெரும்பகுதியை மாநிலச் சட்டமன்றம்தான் முடிவு செய்கிறது. அதன் கூட்டத்தொடர் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியின் இரண்டாம் திங்கட்கிழமை தொடங்கி, இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாளிலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் 105 நாளிலும் முடிந்துவிடும். உங்கள் வட்டாரத்தின் மாநிலச் செனட்டருக்கும் இரு பிரதிநிதிகளுக்கும் டிசம்பரிலேயே கடிதம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.